ஓடிப்போனவளின் பெட்டி

நான் வீட்டை விட்டு ஓடிப்போனது பற்றி விசாரிக்க வந்த போலீஸ்காரருக்கு நான்தான் டீ போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை கம்மியாக வேண்டும் என்றார். கம்மியாகத்தான் போட்டேன்.

குவைத்தில், ஃபஹாஹீலில், கடற்கரைச் சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி இருந்த வீடு அது. ஆறு வருஷம் அங்கே வேலை பார்த்தேன். விசா கொடுத்து வரவழைக்கிற முதலாளியை அந்த ஊரில் கஃபீல் என்பார்கள். வீட்டுக்குள் நாங்கள் பாபா என்று கூப்பிடுவோம், அவர் மனைவியை மேடம் என்போம். என்னோடு வேறு நாட்டுப் பெண் ஒருத்தியும் அங்கே இருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. குப்பையையாவது போட்டுவிட்டுப் போனாளா என்றால் அதுவும் இல்லை. கேட் ஓரமாக வைத்துவிட்டுப் போயிருந்தாள், அதையும் நான்தான் கொண்டுபோய்ப் போட்டேன். பாபா உடனே ஓடிப்போன கேஸ் கொடுத்தார். அவர் போனில் எங்கள் இரண்டு பேர் அடையாள அட்டைப் படமும் அடுத்தடுத்து இருந்தது. கை பட்டது என் அட்டையில். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

போலீஸ்காரர் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் காகிதத்தைப் பார்த்தார்.

"இது யார்?" என்று இந்தியில் கேட்டார்.

"நான்தான்."

"நீ ஓடிப்போயிருக்கிறாயே."

"இல்லை சார். டீ போட்டுக்கொண்டிருக்கிறேன்."

அவர் பாபாவைக் கூப்பிட்டார். பாபா தன் போனைத் தடவிப் பார்த்தார். முகம் சுண்டிப்போனது. தப்பாகப் புகார் கொடுத்தேன் என்று ஒப்புக்கொண்டால் அவர் பெயரில் இனி வேலைக்காரிக்கு விசா கிடையாது. நோன்பு மாதம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது, வீடு நிறைய விருந்தாளி வருவார்கள். பாபா கொஞ்ச நேரம் தாடியைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு இரண்டு கையையும் மேலே தூக்கி, "அல்ஹம்துலில்லாஹ், கிடைத்துவிட்டாள்" என்றார்.

போலீஸ்காரரும் வாழ்த்துச் சொன்னார். டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுத்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். தம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வருகிறேன் என்றேன், அதற்கு அனுமதி கொடுத்தார். நல்ல மனுஷன்.

ஆக, என் குற்றம் ஓடிப்போனது. தண்டனை, ஊருக்கு அனுப்புவது. இதில் எனக்கு வயிற்றெரிச்சல் என்னவென்றால், என் மகள் கல்யாணத்துக்காக அந்த வருஷம் நான்கு தடவை லீவு கேட்டிருந்தேன். நான்கு தடவையும் பாபா "மாஃபி" என்றார், கிடையாது என்று அர்த்தம். நன்றாக வேலை செய்த வரையில் கிடைக்காதது, ஓடிப்போனதும் டிக்கெட்டோடு கிடைத்தது. உண்மையிலேயே ஓடினவளோ, காகிதக் கணக்குப்படி, இன்னமும் அந்த வீட்டில் சமைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஊருக்கு அனுப்பக் காத்திருக்கும் பெண்களை வைத்திருந்த இடத்தில் ஒரு ஹாலுக்கு நாற்பது பேர் இருந்தோம். மூன்றாம் நாள் மேடம் என்னைப் பார்க்க வந்தார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அழுதார். எனக்கும் அழுகை வந்தது. அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஏலக்காய் டப்பாவை எங்கே வைத்தாய் என்று கேட்டார். அரிசி டின்னுக்குப் பின்னால் என்றேன்.

நானும் ஒன்று கேட்டேன். ஆறு வருஷமாகக் கட்டிலுக்கு அடியில் நான் சேர்த்து வைத்திருந்த சாமான்களைக் கொண்டுவந்து தரச் சொன்னேன். புலி படம் போட்ட கனத்த போர்வை இரண்டு, பால் பவுடர், அத்தர், மிட்டாய், மகளுக்கு ஒரு நான்-ஸ்டிக் சட்டி. மேடம் தலையை ஆட்டினார். முடியாதாம். ஓடிப்போனவள் தன் சாமான்களை எல்லாம் எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்று பாபா புகாரில் எழுதிக் கொடுத்திருந்தார். சாமான் வீட்டில் இருந்தால் புகார் பொய்யாகிவிடும். அதனால் அது வீட்டில் இல்லை. கட்டிலுக்கு அடியில் பத்திரமாக இல்லாமல் இருக்கிறது.

உங்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் எப்படி வரவேண்டும் என்று எங்கள் பட்டுக்கோட்டைப் பக்கத்தில் ஒரு முறை இருக்கிறது. தள்ளுவண்டி, அதன்மேல் அட்டைப்பெட்டி, பெட்டியைச் சுற்றிக் கயிறு, நாலு பக்கமும் கொட்டை எழுத்தில் பேரும் ஊரும் போன் நம்பரும். பெட்டி கனமாக இருக்கவேண்டும். தூக்குகிறவன் "என்னம்மா இது, கல்லா?" என்று கேட்கவேண்டும். பெட்டி இல்லாமல் பிளாஸ்டிக் பையோடு வெளியே வந்தால், திருச்சி ஏர்போர்ட்டில் நிற்கிற டாக்ஸிக்காரன்கூட ஒரே பார்வையில் சொல்லிவிடுவான், உள்ளே இருந்து வருகிறது என்று. எங்கள் அடுத்த தெருவில் ஒருத்தி அப்படித்தான் வந்தாள். அவள் என்ன செய்தாள் என்று யாரும் கேட்கவில்லை, என்னவெல்லாம் செய்திருப்பாள் என்று அவர்களே பேசிக்கொண்டார்கள். நிச்சயம் பண்ணியிருந்த அவள் பெண்ணின் கல்யாணம் நின்றுபோனது.

என் மகளுக்கு நிச்சயமாகிவிட்டது. கல்யாணத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா, என் சம்பந்தி, ஓமானில் சலாலாவில் இரண்டு வருஷம் வேலை பார்த்தவர். கிளம்பும்போது முதலாளி குடும்பமே வாசலில் நின்று அழுதது என்று எல்லோரிடமும் சொல்லுவார். நிச்சயத்தன்று அவர் என்னிடம் போனில் சொன்னது ஒன்றுதான்: "எங்களுக்கு நகையும் வேணாம் நட்டும் வேணாம் சம்பந்தி. கெட்ட பேரு மட்டும் இருக்கக் கூடாது."

வியாழக்கிழமை ஐந்து நிமிஷம் போன் பேச விடுவார்கள். வீட்டுக்காரரிடம் லீவு கிடைத்துவிட்டது என்று சொன்னேன்.

"அப்படிப் போடு!" என்றார். "வேன் பேசிடறேன். சம்பந்தியையும் ஏர்போர்ட்டுக்குக் கூட்டிட்டு வர்றேன்."

"அவங்கள்லாம் எதுக்குங்க?"

"பின்ன? குவைத்துலேருந்து வர்றே, சும்மாவா?"

அவருக்கு இப்படி ஊரைக் கூட்டினால்தான் சோறு இறங்கும். சித்தப்பா, அவர் மச்சான், மச்சானுடைய பக்கத்து வீட்டுக்காரர் என்று வேனில் பன்னிரண்டு பேர் வருவதாகச் சொன்னார். எள்ளு எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை எதுக்குக் காயுது என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் ஐந்து நிமிஷம் முடிந்துவிட்டது.

ஹாலில் என் பக்கத்துப் பாயில் மட்டக்களப்பு அக்கா ஒருத்தி இருந்தாள், ஊரில் தன் அம்மாவிடம் மகளை விட்டு வந்தவள். அவளும் வீட்டு வேலைதான், அவளுக்கும் ஓடிப்போன கேஸ்தான். ஆனால் அவள் நிஜமாகவே ஓடியவள், அதைப் பெருமையாகவே சொல்லுவாள். ஒன்பது மாதமாக உள்ளே இருந்தாள். அவள் பேப்பர் ஒரு மேஜைக்குப் போனால் அங்கே ஆள் லீவில் இருப்பார். ஆள் வருவதற்குள் பேப்பர் வேறு மேஜைக்குப் போய்விடும். அவள் கால்மாட்டில் ஒரு பெட்டி இருந்தது. பால் பவுடர் வந்த பெரிய அட்டைப்பெட்டி. வெள்ளிக்கிழமை தர்மம் கொடுக்க வருகிற பெண்மணிகள் சோப்பும் பேரீச்சம்பழமும் பழைய துணிகளும் கொண்டுவருவார்கள். அக்கா எதையோ பொறுக்கி எடுத்துப் பெட்டிக்குள் வைப்பாள். உள்ளே கயிறு கூடாது என்பது சட்டம். அதனால் ஜெயில் போர்வையின் ஓரத்தைக் கிழித்துத் திரித்துக் கட்டியிருந்தாள். சாம்பல் நிறப் போர்வை, ஓரத்தில் சிவப்புக் கோடு.

நான் போனை வைத்துவிட்டு வந்து அழுததும் அவள் விஷயத்தைக் கேட்டாள். சொன்னேன்.

"இதுக்கா தங்கச்சி அழுறீங்க? என்ட பெட்டியக் கொண்டு போங்க."

"உங்களுக்கு?"

"என்ட பேப்பர் வாறதுக்குள்ள நான் இன்னும் பத்துப் பெட்டி கட்டுவன்."

"உள்ள என்னக்கா இருக்கு?"

"பாரத்துக்குப் பழைய போர்வையும் பேரீச்சம்பழமும்தான். ஏர்போட்டுல ஆரும் திறந்து பாக்கப் போறாங்களா? பெட்டி எண்டா வெளியில பாக்கத்தானே."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். ஆனால் எனக்கு வேறு வழி தெரியவில்லை. நாலு பக்கமும் அவள் பேரும் ஊரும் போன் நம்பரும் எழுதியிருந்தன. அதன்மேல் சோற்றுப் பசை தடவி வெள்ளைத் தாள் ஒட்டி, வார்டரம்மாவிடம் மார்க்கர் வாங்கி, என் பேரையும் ஊரையும் அவளே எழுதினாள். கையெழுத்து அச்சடித்ததுபோல இருந்தது. வார்டரம்மா வந்து இன்னும் கொஞ்சம் பெரிதாக எழுதச் சொன்னார். அவருக்கும் இந்த முறையெல்லாம் அத்துப்படி.

பத்து நாள் கழித்து ஒரு காலை என் பேரைக் கூப்பிட்டார்கள், டிக்கெட் தேதியை முந்தின வியாழக்கிழமையே வீட்டுக்காரருக்குப் போனில் சொல்லியிருந்தேன். "யல்லா, யல்லா" என்று அவசரப்படுத்திப் பத்தே நிமிஷம்தான் தந்தார்கள். அக்கா பெட்டியை வாசல்வரை இழுத்து வந்து கொடுத்தாள். "கவனம் தங்கச்சி, தலகீழா வெச்சிராதீங்க" என்றாள். போர்வையையும் பேரீச்சம்பழத்தையும் எப்படி வைத்தால் என்ன என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

ஜன்னலுக்குக் கம்பிவலை போட்ட பஸ்ஸில் பெண்களை இரண்டிரண்டு பேராக விலங்கு பூட்டி ஏற்றினார்கள். என் இடது கையும் ஒரு நேபாளப் பெண்ணின் வலது கையும் ஒரே விலங்கில். ஏர்போர்ட்டில் விலங்கின்மேல் துப்பட்டாவைப் போட்டு மூடினார்கள். நான் தள்ளுவண்டி கேட்டேன். கைதிக்குத் தள்ளுவண்டியா என்று பெண் போலீஸ் முறைத்தார். பெட்டியைக் காட்டினேன். தூக்கிப் பார்த்துவிட்டு வண்டி எடுத்து வந்தார். ஒற்றைக் கையால் தள்ளினால் வண்டி வட்டமடித்தது. இரண்டு சுற்று சுற்றினோம், நேபாளப் பெண் என்னைத் திட்டினாள். கடைசியில் பெண் போலீஸே தள்ளிக்கொண்டு முன்னால் போக, நாங்கள் இருவரும் கை கோத்த மாதிரி பின்னால் நடந்தோம். வரிசையில் நின்ற நம் ஊர்ப் பையன் ஒருவன் வழி விட்டு, "அக்கா, நீங்க எம்பஸியா?" என்று மரியாதையாகக் கேட்டான். ஆமாம் தம்பி என்றேன்.

திருச்சியில் பாஸ்போர்ட்டுக்குப் பதிலாக நான் நீட்டிய, எம்பஸி கொடுத்த வெள்ளைத்தாளைப் பார்த்து அதிகாரி கேட்டார்.

"என்ன கேஸும்மா?"

"ஓடிப்போன கேஸுங்க."

"எங்க ஓடினீங்க?"

"அடுப்படிக்கு."

அவர் முத்திரை குத்தினார். எல்லோரும் போன பிறகு, நான் கடைசியாக வெளியே வந்தேன். வேன் கூட்டம் மொத்தமும் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றது. வீட்டுக்காரர் ஓடிவந்து பெட்டியைத்தான் முதலில் பார்த்தார், அப்புறம்தான் என்னை. தூக்கிப் பார்த்து, "யப்பா, என்னடி இது, கல்லா?" என்றார். ஜென்மம் சாபல்யம் அடைந்தது என்று நினைத்தேன்.

சம்பந்தி மட்டும் கிட்டே வந்தார். பெட்டியைச் சுற்றியிருந்த துணிக்கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். சாம்பல் நிறத் துணி, சிவப்புக் கோடு. கல்யாணம் அந்த இடத்திலேயே நின்றுபோனது என்றுதான் நினைத்தேன். அவர் வேனில் ஏறி, பெட்டியைத் தன் காலடியில் வைக்கச் சொல்லி, முந்தானையை விரித்து அதன்மேல் போட்டுக்கொண்டார். பட்டுக்கோட்டை வரும்வரை முந்தானையை எடுக்கவில்லை.

வீட்டு வாசலில் இன்னும் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். குவைத் மிட்டாய்க்காகப் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகள் வேறு. சம்பந்தி பெட்டியை உள் அறைக்குத் தள்ளச் சொன்னார், என்னையும் உள்ளே தள்ளிக் கதவைத் தாழ் போட்டார்.

"சம்பந்தி, நான் ஒரு தப்பும் பண்ணலை" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அவர் அந்தத் துணிக்கயிற்றை விரலால் நெருடினார். "சலாலாலயும் இதே போர்வைதான்" என்றார். "கோடு மட்டும் பச்சை."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"என் பெட்டில ஜெயில் அரிசிதான் இருந்துச்சு. ரெண்டு தலகாணி உறை நிறைய. வந்து பொங்கித் தின்னுட்டோம்" என்றார். "உங்கள்ல என்ன?"

"போர்வையும் பேரீச்சம்பழமும்."

இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து சிரித்தோம். வெளியே கேட்காமல் இருக்க அவர் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார். சரி, பேரீச்சம்பழத்தையாவது பங்கு வைப்போம் என்று கட்டை அவிழ்த்தோம்.

பேரீச்சம்பழம் இருந்தது, ஒரே ஒரு பாக்கெட். அதற்கு அடியில் போர்வை இல்லை. மடித்த கவுன்கள். முகப் பவுடர், ஒரு டஜன் சோப்பு, கலர் பென்சில், ஒரு கண் இல்லாத பொம்மை, இல்லாத கண்ணுக்குக் கறுப்பு நூலால் தைத்திருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் பள்ளிக்கூடத்துக் கறுப்பு ஷூ நாலு ஜோடி. நாலும் ஒரே மாதிரி, ஆனால் ஒன்றைவிட ஒன்று கொஞ்சம் பெரிது. எப்போது போய்ச் சேருவாள் என்று தெரியாததால் மகளுடைய எல்லா வயதுக்கும் சேர்த்து வைத்திருக்கிறாள்.

பெட்டியை எனக்குத் தந்தாளா, அல்லது என் கையில் கொடுத்து மகளுக்கு அனுப்பினாளா, இன்றுவரை எனக்குத் தெரியாது. மகளுக்குக் கொண்டுபோகச் சொல்லிக் கேட்டிருந்தால் நான் வேறு பெட்டி தேடியிருப்பேன் என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

வெளியே வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். "என்ன, பங்கு வைக்கிறீங்களா?"

சம்பந்தி பெட்டியின் நாலு பக்கத்துத் தாளையும் நகத்தால் சுரண்டி உரித்தார். சோற்றுப் பசை, லேசாக வந்துவிட்டது. மட்டக்களப்பு விலாசம் முழுசாகத் தெரிந்தது. எழுந்து, சேலையைச் சரிசெய்து, கதவைத் திறந்து வாசலில் நின்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினார்.

"பெட்டி மாறிப்போச்சு! ஏர்போர்ட்ல எந்தப் பாவி மாத்திட்டானோ, யாரோ சிலோன்காரம்மா பெட்டி வந்துருக்கு! நம்ம பெட்டி அங்க போயிருச்சு!"

வாசல் முழுக்க ஒப்பாரி. சித்தப்பாவின் மச்சானுக்குப் பக்கத்து வீட்டுக்காரர், நம்ம பெட்டியை ஒரு அம்மா தள்ளிக்கொண்டு போனதைத் தன் கண்ணாலேயே பார்த்ததாகச் சொன்னார். பச்சைச் சேலையாம். வீட்டுக்காரர் அன்றைக்கே விமானக் கம்பெனிக்குப் புகார் எழுதினார். நம்ம பெட்டியில் என்னென்ன இருந்தது என்று என்னைக் கேட்டார். புலிப் போர்வை இரண்டு, அத்தர், நான்-ஸ்டிக் சட்டி என்று ஒன்று விடாமல் சொன்னேன். அதில் ஒரு பொய்யும் இல்லை.

திருச்சியில் இலங்கைக்குப் பார்சல் அனுப்புகிற ஒருவரிடம் நானும் சம்பந்தியும் போய்ப் பெட்டியைக் கொடுத்தோம். பேரீச்சம்பழத்தைக்கூடத் தொடவில்லை. பழைய துணிக்கயிற்றை எடுத்துவிட்டு நல்ல நைலான் கயிறு வாங்கிச் சம்பந்தியே கட்டினார். கல்யாணம் குறித்த நாளில் நன்றாக நடந்தது. நம்ம பெட்டி எப்போது வரும் என்று வீட்டுக்காரர் பந்தலில்கூடப் புலம்பிக்கொண்டிருந்தார்.

கல்யாணம் முடிந்து மூன்று வாரம் இருக்கும், என் போனுக்கு ஓர் அழைப்பு வந்தது. பார்சலில் என் நம்பரை எழுதியிருந்தேன். வயதான பெண் குரல்.

"மட்டக்களப்புல இருந்து கதைக்கிறன் மனே. மகள்ட பெட்டி வந்திட்டு. நீங்க அவவோட ஒரே வீட்டுலயா வேலை செஞ்ச?"

"ஆமாம்மா" என்றேன். "ஒரே வீடுதான்."

"சுகமா இருக்கிறாவா?"

"நல்லா இருக்காங்க. பெரிய வீடு. நாப்பது பேரு."

பின்னால் ஒரு பிள்ளை தரையில் டக்டக்கென்று நடக்கிற சத்தம் கேட்டது. புது ஷூ சத்தம். எந்த ஜோடி என்று கேட்க நினைத்தேன்.

"பெட்டி வந்திட்டு," என்றார் அந்த அம்மா மறுபடியும். "அவ எப்ப மனே வருவா?"

என் வீட்டுக்காரருக்குச் சொன்ன அதே பதிலைத்தான் சொன்னேன்.

"லீவு கிடைச்சிருச்சும்மா. பேப்பர் மட்டும்தான் பாக்கி."